ஈரல் கொடுத்தவர்களுக்கு ஒரு நிரல்

என்னுடைய பிரியாவிடைத் தேநீர் நடந்த அன்று, இளம் தாதிகளான உங்களில் ஒருத்தி ஒரு கையில் பற்றீசும் மறுகையில் பிளேன்ரீயுமாக என் பக்கத்தில் வந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள். உயிரோடு இருப்பவர் கொடுத்த ஈரலோடு வாழ்பவர்கள் நன்றாக இருக்கிறார்களா, இறந்தவரிடமிருந்து எடுத்த ஈரலோடு வாழ்பவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. நான் “ரெண்டும் நல்லதுதான் பிள்ளை” என்று சொல்லிவிட்டுக் கேக் வெட்டப் போய்விட்டேன். மானிப்பாய் பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. பதினொரு வருடம் தாதியாக ஈரல் கிளினிக்கை நடத்தியவள் சொல்கிற பதிலா அது? ஒரு துண்டு கேக்குக்காக நல்லதொரு கேள்வியைத் தட்டிவிட்டேன்.

ஆகவே இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவற்றை நான் தொடப்போவதில்லை. நான் எழுதப்போவது என்னுடைய பிழை ஒன்றைப் பற்றி. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். எவை என்று சொல்லமாட்டேன், கண்டுபிடிக்கவும் வெளிக்கிடாதீர்கள்.

இப்போது உங்களுக்குப் புதுக் கட்டடத்தில் குளிரூட்டி போட்ட அறை இருக்கிறது. என் காலத்தில் கிளினிக் நடந்தது ஒரு பழைய நோயாளர் வாட்டின் பின்விறாந்தையில். வியாழக்கிழமை காலைகளில். மாரியில் கூரை ஒழுகும். ஒழுகும் இடத்தில் ஒரு வாளியை வைத்து, அதைச் சுற்றி வாங்குகளைப் போட்டு, நோயாளர்களை இருத்துவோம். வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். நீர்வேலிக்காரர் வாழைப்பழம், அரியாலைக்காரர் இறால், குருநகர்க்காரர் நண்டு. ஒன்றும் வாங்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அதன் பிறகு கையில் தராமல் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். என் வீட்டுக்காரர் வியாழக்கிழமைகளில் சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அந்த விறாந்தையின் ஈரச் சுவர் மணமும், வாளியில் விழும் துளிச் சத்தமும், அதற்கு மேலால் பெயர் கூப்பிடும் என் குரலும் இன்றும் எனக்கு அப்படியே நினைவில் இருக்கின்றன. ஓய்வூதியம் வாங்குகிற ஒருத்திக்கு இதைவிட வேறென்ன சொத்து வேண்டும்?

ஈரல் மாற்றுகிற சத்திரசிகிச்சை இங்கே நடப்பதில்லை. அதற்குக் கொழும்புப் பக்கம் போகவேண்டும். போகவேண்டியவர்களைத் தயார்ப்படுத்தி அனுப்புவதும், மாற்றிக்கொண்டு திரும்பி வந்தவர்களைக் காலம் முழுவதும் பார்ப்பதுமே எங்கள் வேலை. ஒருமுறை எங்கள் பெரிய வைத்தியர், ஆசுபத்திரிக் கூட்டமொன்றில் பேசுவதற்காக, அப்படித் திரும்பி வந்தவர்களின் நிலைமையை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். நான் பெரிய தாள் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாக இரண்டு நிரல் போட்டேன். ஒன்று, உறவினர் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்து உயிர் பிழைத்தவர்களுக்கு. மற்றது, மூளைச்சாவடைந்த யாரோ ஒருவரின் ஈரல் கிடைத்தவர்களுக்கு. சுகமாக இருப்பவர்களுக்குப் பச்சைப் புள்ளி, கரைச்சல்படுகிறவர்களுக்கு மஞ்சள், போய்ச் சேர்ந்தவர்களுக்குச் சிவப்பு. உறவினர் நிரலில் பச்சை கூடுதலாகத் தெரிந்தது.

எனக்கு அது ஒரு பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. காரணமும் எனக்கு விளங்கியது. உறவினர் கொடுப்பதென்றால் நாளைக் குறித்து வைத்துச் செய்யலாம். நோயாளி படுத்த படுக்கையாகும் முன்னே செய்யலாம். ஈரலும் சுகதேகி ஒருவரின் ஈரல். “ஆக்கள் மெத்தக் கொஞ்சம் சிஸ்டர், உதை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது” என்று பெரிய வைத்தியர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு விறாந்தைச் சுவரில் தொங்கவிட்டேன். வருகிற குடும்பங்களுக்கெல்லாம் அதைக் காட்டிப் பிரசங்கம் வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் குருநகரிலிருந்து மரியநாயகம் வந்தார். எங்கள் எல்லோருக்கும் நாயகம் அண்ணை. நாற்பத்தெட்டு வயது, கடல்தொழில். குடித்துத்தான் ஈரல் பழுதாகியது என்று இறங்குதுறையில் கதை. மனிசன் கோயில் திருநாளுக்குக்கூட ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. சீனி வருத்தமும் ஈரலில் படிந்த கொழுப்பும் செய்த வேலை அது. வயிற்றில் தண்ணீர் கட்டிக் கட்டி எடுத்துக்கொண்டிருந்தோம். ஈரலை மாற்றாவிட்டால் ஒரு வருடம் தாண்டமாட்டார் என்று பெரிய வைத்தியர் சொல்லிவிட்டார்.

நான் குடும்பத்தைக் கூப்பிட்டேன். நாயகம் அண்ணையும் மனைவி பிலோமினாவும் வந்தார்கள். தம்பி ஜெறோமும் அவன் மனைவி றெஜினாவும் வந்தார்கள். பிலோமினாவின் தமையன், ஒரு பெரியதாய் என்று இன்னும் நாலைந்து பேர். எங்கள் ஊரில் கல்யாணம் பேசுவதென்றாலும் காணி எழுதுவதென்றாலும் எல்லோரும் கூடி இருந்துதானே செய்கிறோம். அது மரியாதை என்றே நான் நினைத்தேன். தாளைக் காட்டிப் பச்சைப் புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினேன். இரத்தவகை பொருந்தக்கூடியவர், வயது குறைந்தவர், சுகதேகி என்றால் நல்லது என்றேன். நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லாமல் அங்கே இருந்த அத்தனை தலைகளும் ஜெறோமின் பக்கம் திரும்பின.

ஜெறோமுக்கு முப்பத்துமூன்று வயது. கடலட்டை குளிக்கிறவன். குளிப்பது என்றால் மூச்சடக்கி அடிக்குப் போய்ப் பொறுக்கி வருவது. தகப்பன் இறந்தபின் அவனைத் தூக்கி வளர்த்து, தொழில் பழக்கி, கலியாணமும் கட்டிவைத்தவர் நாயகம் அண்ணைதான். அவன் தலையை நிமிர்த்தாமல் “ஓம் மிஸி, நான் குடுக்கிறன்” என்றான். பிலோமினா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாயகம் அண்ணை ஒன்றும் பேசவில்லை. றெஜினாவும் பேசவில்லை. எனக்கோ கண் கலங்கிவிட்டது. இப்படியான சகோதரர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

நானும் ஐந்து பேரோடு பிறந்த கடைக்குட்டிதான். மூத்தவர்கள் இருக்கிற சபையில் இளையவர் வாய் திறந்து மாட்டேன் என்று சொல்ல எங்கள் வீடுகளில் வழியே இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. வேறு ஊர்த் தாதி ஒருத்தி அந்த இடத்தில் இருந்திருந்தால் அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருப்பாள். நான் இந்த மண்ணில் பிறந்தவள் என்பதாலேயே இந்தப் பிழையை விட்டேன்.

இரத்தவகை பொருந்தியது. ஸ்கானில் ஜெறோமின் ஈரலில் கொஞ்சம் கொழுப்பு இருந்தது. கொடுக்கிறவரின் ஈரலில் கொழுப்பு கூடாது என்பதால், நான்கைந்து கிலோ குறைக்கச் சொல்லி அனுப்பினோம். அடுத்த மாதம் வந்தபோது அவன் எட்டுக் கிலோ குறைந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போய், சேர்ட் தோளிலிருந்து நழுவியது. விறாந்தை முழுவதும் கேட்க நான் அவனைப் பாராட்டினேன். அண்ணனுக்காக எப்படிப் பட்டினி கிடந்திருக்கிறான் பாருங்கள் என்று மற்ற நோயாளர்களுக்குக் காட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். ஜெறோம் சிரித்தான். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தால் எனக்கு என்மேல் கோபம்தான் வருகிறது. இருபத்தெட்டு வருடம் நோயாளர்களைப் பார்த்தவளுக்கு, ஒரு மனிசன் சாப்பிடாமல் இருப்பதற்கும் சாப்பிட முடியாமல் இருப்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கொழும்புக்குப் போகக் கடிதம் எல்லாம் தயார். போவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, கிளினிக் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஜெறோம் தனியே வந்தான். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு நேரே அந்தத் தாளுக்கு முன்னால் போய் நின்றான். நான் அவனுக்கு ஏதோ பத்திரம் தேவையாக்கும் என்று நினைத்தேன். அவன் தாளை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“மிஸி, உந்தத் தாளிலை ஈரல் வாங்கினவையின்ரை புள்ளிதானே கிடக்கு. குடுத்தவை எங்கை?”

உறவினர் கொடுத்தார்கள் என்றால் அந்தச் சத்திரசிகிச்சை மேசையில் இரண்டு பேர் ஏறியிருக்கிறார்கள். நான் ஒருவரைத்தான் எண்ணியிருக்கிறேன். கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள், தொழிலுக்குப் போகிறார்களா, வயிற்றுவலி இருக்கிறதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. அவர்கள் எங்கள் நோயாளர்கள் அல்ல. அவர்களுக்குக் கிளினிக் அட்டையும் இல்லை. வழக்கமான எங்கள் சமாளிப்புப் பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. கொடுக்கிறவருக்கு ஒன்றும் நடக்காது, ஈரல் திரும்ப வளர்ந்துவிடும் என்பது அது. அவன் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல முடியவில்லை. தெரியாது என்று சொன்னேன். வியாழக்கிழமை கிளினிக் முடிந்தபின் தனியே வா, அதற்குள் தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அன்று பின்னேரம் முழுவதும் ஈரல் வாங்கியவர்களின் பழைய அட்டைக் கட்டுகளைப் பிரித்து, அவற்றில் கொடுத்தவர்களின் பெயர்களைத் தேடினேன். தேடுகிற இடத்தில் இன்னொன்றும் அகப்பட்டது. நூலால் கட்டி மூலையில் வைத்திருந்த வேறொரு கட்டு. அதில் இருந்தவர்கள், இறந்தவரின் ஈரலுக்காகப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்து, காத்திருந்தபடியே போய்விட்டவர்கள். அவர்களும் என் தாளில் இல்லை. ஈரல் கிடைத்த நாளிலிருந்து நான் எண்ணத் தொடங்கியதால், கிடைக்காமல் போனவர்களுக்கு என் தாளில் இடமே இருக்கவில்லை. ஆக, ஒரு நிரலில் கொடுத்தவரை மறந்திருக்கிறேன், மறு நிரலில் காத்திருந்தவரை மறந்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறை மட்டும் நல்ல வடிவு.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நீர்வேலிக்குப் போனேன். அங்கே சிவபாக்கியம் என்று ஒருவர், தன் தம்பிக்கு ஈரல் கொடுத்தவர். தம்பி எட்டு மாதம் இருந்துவிட்டு, கிருமி தொற்றி இறந்துபோனார். என் தாளில் ஒரு சிவப்புப் புள்ளி அது. அவருடைய வாழைத்தோட்டத்தைத் தேடிப்பிடித்து ஆசுபத்திரியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும், சிவபாக்கியம் கையைக் கழுவிவிட்டு வந்து என்னை உற்றுப் பார்த்தார்.

“தம்பி இருக்குமட்டும் உங்கை வந்தா வாங்கோ அக்கா, இருங்கோ எண்டுவியள். அவன் போனாப் பிறகு நான் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கதிரை எடுத்துப் போட்டார். தழும்பு இருக்கும் இடத்தில் குடல் பிதுங்கி ஒருமுறை தைத்ததையும், இப்போது வாழைக்குலை தூக்குவதில்லை, ஆள் பிடித்துத்தான் வெட்டுகிறேன் என்பதையும் சொன்னார். மற்றப்படி சுகம், பசிக்கிறது, நித்திரை வருகிறது என்றார். இன்னொருமுறை கேட்டால் கொடுப்பீர்களா என்று நான் கேட்டபோது வாழைகளின் பக்கம் திரும்பினார்.

“என்னை ஆரும் கேக்கேல்லை மிஸி. வேண்டாமெண்டுதான் எல்லாரும் மறிச்சவை. நானாத்தான் குடுத்தனான். அதாலை அவன் செத்தும் எனக்குத் துக்கம் மட்டும்தான். வேறை ஒரு குறையும் இல்லை.”

வரும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு நான் ஜெறோமையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை அவன் வந்தான். மருந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு அவனை இருத்தினேன். எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கொடுக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் சுகமாகத் திரும்புகிறார்கள், சிலருக்குக் கரைச்சல் வருகிறது, மிக அரிதாக உயிரும் போயிருக்கிறது என்றேன். அதேபோல், நீ கொடுக்காவிட்டால் அண்ணை காத்திருக்க வேண்டும், காத்திருக்கிறவர்களில் சிலர் முறை வருமுன்னே போய்விடுகிறார்கள் என்றும் சொன்னேன். இரண்டையும் சொல்லாமல் விட்டால் அது அவனை ஏமாற்றுவதாகும். பிறகு, அன்று அத்தனை பேருக்கு முன்னால் உன்னைக் கேட்டது என் பிழை, இப்போது கேட்கிறேன், விருப்பமில்லையென்றால் ஏன் என்றுகூடச் சொல்லத் தேவையில்லை என்றேன்.

அவன் கையைப் பிசைந்தான். பிறகு சொன்னான்.

“அப்பா குடலிறக்கத்துக்கு நடந்து போனவர், மிஸி. சின்ன ஒப்பரேசன், பின்னேரம் கதைக்கலாம் எண்டு சொன்னவை. எனக்கு ஒன்பது வயசு. பிளாஸ்கிலை தேத்தண்ணி கொண்டு போனனான். கதைக்கேல்லை, கண் முழிக்கவேயில்லை. கடலுக்கை எவ்வளவு ஆழமெண்டாலும் போவன். உந்த மேசையிலை ஏற என்னாலை ஏலாது. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்குதுகள். சோறு தொண்டையாலை இறங்குதில்லை.”

அப்போதுதான் அந்த எட்டுக் கிலோ எங்கே போனது என்று எனக்கு விளங்கியது.

அண்ணைக்கு மட்டும் தெரியக்கூடாது என்று கெஞ்சினான். தெரிந்தால் தான் குருநகரில் முகம் காட்ட முடியாது என்றான். அவன் அழுதான், நானும் அழுதேன். தாதி அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். எனக்கும் சொல்லித்தந்தார்கள்தான்.

பெரிய வைத்தியரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்தான். அவருடைய நோயாளி சாகப்போகிறார். பொருத்தமான ஈரல் குருநகரில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

“அண்ணன் செத்தா அந்தத் தம்பி எப்பிடி இருப்பான் எண்டு யோசிச்சனீங்களோ சிஸ்டர்?” என்று கேட்டார்.

“இவன் மேசையிலை செத்தா அண்ணன் எப்பிடி இருப்பார் எண்டும் யோசிச்சனான் சேர்” என்றேன்.

நான் அவரோடு எதிர்த்துக் கதைத்தது அந்த ஒரு முறைதான். அவர் ஜெறோமின் மருத்துவக் கோப்பை இழுத்தெடுத்து மூடி, தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். கொடுக்க வந்தவரின் பரிசோதனை முடிவு கொடுக்க வந்தவருக்கு மட்டும் உரியது, அண்ணனுக்கும் இல்லை மனைவிக்கும் இல்லை, அதைப்பற்றி யார் கேட்டாலும் தன்னிடம் அனுப்பவேண்டும் என்றார். இது எல்லா இடத்திலும் உள்ள ஒழுங்குதான். அதை நானும் படித்தவள்தான். ஆனால் அந்த ஒழுங்கு எதற்காக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் குடும்பத்தைக் கூப்பிட்டு, ஜெறோமிடமிருந்து ஈரல் எடுக்க முடியாது, நாயகம் அண்ணையை இறந்தவரின் ஈரலுக்காகப் பதிகிறோம் என்று பெரிய வைத்தியர் சொன்னார். பிலோமினா ஏன் என்று கேட்டாள். அது ஜெறோமின் சொந்த விசயம், அவருக்குப் பயப்படும்படியான நோய் ஒன்றும் இல்லை என்று மட்டும் பதில் வந்தது. பிலோமினா விம்மினாள். பெரியதாய் மாதாவே என்று கூப்பிட்டார். நாயகம் அண்ணை எழும்பி, “சரி, வா தம்பி, போவம்” என்று ஜெறோமின் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அந்த இரண்டு முதுகுகளும் விறாந்தையைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இந்த மனிசன் செத்தால் அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குப் பட்டது. சரியாகச் செய்தேன் என்ற நிம்மதியெல்லாம் வரவில்லை. அது வரும் என்று நீங்களும் எதிர்பார்க்காதீர்கள்.

காத்திருப்பதில் எங்கள் ஊருக்கென்று ஒரு இடைஞ்சல் உண்டு. மூளைச்சாவடைந்த ஒருவரின் குடும்பம் சம்மதித்து, ஈரல் கிடைக்கிறது என்று தொலைபேசி வந்தால், கொஞ்ச மணித்தியாலங்களுக்குள் அங்கே நிற்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டுப் போய்ச் சேருவதற்குள் அது அடுத்தவருக்குப் போய்விடும். ஆகவே கொழும்புக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டே காத்திருக்க வேண்டும். பிலோமினாவுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். யார் கூடப் போவது என்று கதை வந்தபோது, ஜெறோம் ஒருவரையும் கேட்காமல் தன் வள்ளத்தைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு அண்ணனோடு வெளிக்கிட்டான். பங்குச் சுவாமியார் ஒருவர் ஒழுங்குபடுத்திய சிறிய அறை ஒன்றில் இரண்டு பேரும் ஐந்து மாதம் இருந்தார்கள். அண்ணனைக் குளிப்பாட்டி, வீங்கிய காலை உருவிவிட்டு, உப்பில்லாமல் சமைத்துக் கொடுத்தான். கிழமைக்கு ஒருமுறை எனக்குத் தொலைபேசி எடுத்து நிறை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஒப்புவிப்பான். ஒருமுறை நாயகம் அண்ணைக்கு அறிவு தடுமாறி, தம்பியையே யாரென்று தெரியாமல் போனது. அந்தக் கிழமை நான் எந்தக் கோயிலையும் விடவில்லை. மருதடிப் பிள்ளையாருக்கும் நேர்ந்தேன், மாதாவுக்கும் நேர்ந்தேன்.

ஐந்தாம் மாதம் ஈரல் கிடைத்தது. தெற்கே மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட ஓர் இளைஞனுடையது என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெயரும் தெரியாது. தாய்தான் சம்மதம் சொன்னதாகக் கேள்வி. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் குருநகரில் பெயர் சொல்லாமல் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது. நாயகம் அண்ணை பிழைத்துவிட்டார். ஒரு மாதம் தள்ளிக் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று பெரிய வைத்தியர் பிறகு சொன்னார். அதையும் உங்களுக்குச் சொல்லிவிடவேண்டும். நல்லபடி முடிந்ததால் நான் செய்தது சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் இறந்திருந்தாலும் நான் ஜெறோமைத் தனியே கேட்டது சரிதான். முதலிலேயே அப்படிக் கேட்காததுதான் பிழை.

சுவரில் இருந்த தாளைக் கழற்றிவிட்டேன். புதிய தாளில் கொடுத்தவர்களுக்கு ஒரு நிரல், காத்திருந்து போனவர்களுக்கு ஒரு நிரல் என்று சேர்த்தேன். சிவபாக்கியத்துக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் கிளினிக் அட்டை போட்டு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டோம். அந்தத் தாள் இப்போது உங்கள் அலுமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. சுவரில் மட்டும் மாட்டாதீர்கள். எது நல்லது என்று கேட்ட பிள்ளைக்கு, அந்தத் தாளைப் பார்த்தபின்னும் என்னிடம் ஒரு சொல்லில் பதில் இல்லை. ஒவ்வொரு குடும்பமாக, ஒவ்வொரு ஆளாக, கதவைச் சாத்திவிட்டுத்தான் அதற்குப் பதில் தேடவேண்டும்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின மாதம் நாயகம் அண்ணை இரத்தப் பரிசோதனைக்காக மருந்து அறைக்கு வந்தார். ஜெறோம்தான் வழக்கம்போல் கூட்டிவந்து வெளியே வாங்கில் இருந்தான். நாயகம் அண்ணை ஒரு பை நண்டை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, நான் இரத்தம் எடுத்து முடிக்கும்வரை கையை நீட்டிக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

“மிஸி, நீங்கள் போப்போறியள் எண்டதாலை சொல்லுறன். தம்பியின்ரை ஈரல் நல்ல ஈரல் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.”

யார் சொன்னது என்று கேட்டேன்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. டொக்டர் ஏலாதெண்டு சொன்ன அண்டைக்கு இஞ்சையிருந்து போய், றெஜினா வைச்ச நண்டுக்கறியோடை மூண்டுதரம் சோறு போட்டுத் திண்டவன். ரெண்டு மாசமாச் சோத்துக் கோப்பையைப் பிசைஞ்சுகொண்டு இருந்த பொடியன். அண்ணனுக்குக் குடுக்க ஏலாமல் போச்சே எண்டு கவலைப்படுறவன் அப்பிடித் தின்னமாட்டான்.”

கோபம் வரவில்லையா என்று கேட்டேன். அவர் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அழுத்திப் பிடித்தார்.

“அவன் திண்டு முடியுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தனான். அப்பா போனதை அவனும் கண்டவன், நானும் கண்டனான். வேண்டாமடா எண்டு நான்தான் முதலிலை சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. எனக்கும் சாகப் பயமாத்தான் கிடந்தது, மிஸி.”

தம்பிக்கு இது தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். அதே அறையில், அதே கதிரையில் இருந்து தம்பி கேட்டதையே அண்ணனும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

வெளியே வந்தபோது ஜெறோம் வாங்கிலிருந்து எழும்பினான். அண்ணை படியில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தான்.

“கதவைச் சாத்திப்போட்டு இவ்வளவு நேரமும் என்ன மிஸி கதைச்சவர்?”

“நண்டுக்கறியைப் பற்றித்தான்” என்றேன்.

அவன் முகம் மலர்ந்துபோய்விட்டது.

“ஓம் மிஸி, அண்ணை இப்ப நல்லாச் சாப்பிடுறார்” என்றான்.